காலையில் இடது, மாலையில் வலது: ஒரு எஸ்எல்ஆர் துப்பாக்கியோடு மூன்று நாள்

துப்பாக்கியின் பட்டில், அதாவது தோளில் வைக்கும் பின்கட்டையில், வெள்ளைப் பெயின்டால் 27 என்று எழுதியிருந்தது. வேலூருக்குப் பக்கத்தில், ஒரு மொட்டைப் பாறைக் குன்றின் அடியில் இருக்கும் சுடுதளத்தில் அதோடு மூன்று நாள் மல்லுக்கட்டினோம். மாசி மாதம். ஒரு சீருடைப் பிரிவின் இளம் காவலர்களுக்கு ஆண்டுச் சுடும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பிரிவைச் சேர்ந்தவன் இல்லை. ராணுவத்தில் ஈஎம்இ என்ற பழுதுபார்க்கும் படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் கணியம்பாடிப் பக்கம். எங்கள் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற பட்டாளத்தாருக்குப் பஞ்சமே கிடையாது. கம்மவான்பேட்டையை ஜனங்கள் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் துப்பாக்கியில் ஏதாவது தகராறு என்றால் யாராவது ஒரு பழைய ஆளைக் கூப்பிடுவது இங்கே வழக்கம்தான். இரண்டாவது நாள் காலை பத்து மணிக்கு எனக்கு போன் வந்தது.

போனில் பேசிய ஏட்டையா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இன்னாண்ணா இது, காலையில லெஃப்ட்ல போவுது, சாயங்காலம் ரைட்ல போவுது. ரெண்டு நாளா திருகிப் பார்த்துட்டேன். பசங்க பேய் புடிச்ச துப்பாக்கின்றாங்க. கொஞ்சம் வந்து பாருங்கண்ணா.”

துப்பாக்கிக்குப் பேய் பிடிக்காது. ஆனால் அவர் சொன்ன முதல் வரியிலேயே விடை இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது.

முதல் ஒன்றரை நாளில் நடந்தது

நான் போய்ச் சேர்ந்ததும் துப்பாக்கியைத் தொடவில்லை. யார், எப்போது, எதைத் திருப்பினார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். துப்பாக்கி கைக்கு வந்ததும் திருப்புளியைத் தேடுவார்கள்.

முதல் நாள் காலை ஏழு மணி சுமாருக்கு 27-ஆம் எண்ணால் சுட்ட நாலு பேருக்கும் குண்டுகள் டார்கெட் நடுவிலிருந்து ஏறக்குறைய 8 செண்டிமீட்டர் இடது பக்கம் விழுந்திருக்கின்றன. தூரம் 100 மீட்டர். நாலு பேருக்கும் ஒரே பக்கம் போகிறதென்றால் தப்பு துப்பாக்கியில்தான் என்று ஏட்டையா முடிவு செய்து பேக்சைட்டை, அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறித்துளையை, வலது பக்கம் நகர்த்தினார். அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மறுபடி சுட்டார்கள், நடுவில் விழுந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தார்கள்.

மாலை நாலரைக்கு அடுத்த அணி அதே துப்பாக்கியை எடுத்தது. இப்போது 16 செண்டிமீட்டர் வலதில் அடி. “காலையில ஓவரா திருப்பிட்டீங்க போல ஏட்டையா” என்று ஒருவர் சொல்ல, அவரும் அந்த 16-க்குத் தகுந்த மாதிரி இடது பக்கம் திருப்பினார். நடுவுக்கு வந்தது. மறுநாள் காலை எடுத்தால் 16 செண்டிமீட்டர் இடதில்! அத்தோடு இன்ஸ்பெக்டர், “இனிமேல் யாரும் இதைத் தொடக்கூடாது” என்று உத்தரவு போட்டுவிட்டார். அந்த உத்தரவுதான் எங்களைக் காப்பாற்றியது. நான் வந்தபோது திருகுகள் முதல் நாள் மாலை இருந்த நிலையிலேயே இருந்தன.

இன்னொன்றும் சொன்னார்கள். இந்தத் துப்பாக்கி தோளை உடைக்கிற மாதிரி உதைக்கிறதாம். சென்ற வருஷம் அடிக்கடி சிக்கிக்கொண்டிருந்தது, யாரோ “கேஸை”, அதாவது உள்ளே ஓடும் வாயுவின் அளவை, “சரிபண்ணிக்” கொடுத்த பிறகு சிக்குவதில்லையாம். அதையும் தாளின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

எஸ்எல்ஆர் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. செல்ஃப் லோடிங் ரைஃபிள், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. 1962-ல் சீனாவோடு சண்டை வந்தபோது நம் ஜவான்கள் கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும், தோட்டாவை அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய .303 துப்பாக்கி. அதற்குப் பின் வந்தது இந்த எஸ்எல்ஆர். பெல்ஜியத்தில் உருவான வடிவம், இங்கே இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தார்கள். குண்டு போகும்போது பேரலிலிருந்து கொஞ்சம் வாயு பிரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். காலி ஓடு வெளியே போய், ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை ஏற்றும். மேகசினில் 20 தோட்டா. எடை நாலு கிலோவுக்கு மேல். தொண்ணூறுகளின் கடைசியில் இன்சாஸ் துப்பாக்கி வந்த பிறகு ராணுவத்தில் இது பின்னுக்குப் போனாலும், பல சீருடைப் பிரிவுகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. நன்றாகப் பராமரித்தால் ஏமாற்றாத ஆயுதம். நான் அதை மனசாரச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் பாதி அதோடுதான் போயிருக்கிறது.

நண்பகல்: ஆளா, தோட்டாவா, துப்பாக்கியா

பன்னிரண்டு மணிக்கு மணல் மூட்டை மேல் வைத்து நானே ஐந்து குண்டு சுட்டேன். அதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்தேன்: மேகசினைக் கழற்றி, இரண்டு முறை காக் செய்து (போல்ட்டை இழுத்து விட்டு), தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்த்தேன். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், காலி என்று சொல்லிக் கொடுத்த துப்பாக்கியை நான் காலி என்று எடுத்துக்கொண்டதே இல்லை. ராணுவத்தில் இதற்கு “ஜாஞ்ச் ஷஸ்தர்” என்பார்கள், ஆயுதத்தைச் சோதி என்று அர்த்தம். அந்த வார்த்தை காதில் விழுந்தால் இன்றும் என் கை தானாக போல்ட்டுக்குப் போகும்.

என் ஐந்து குண்டும் 8 செண்டிமீட்டர் இடதில் விழுந்தன.

இங்கேதான் எனக்குக் குழப்பம் வந்தது. அன்று காலை ஏழு மணிக்கு 16 இடது. நண்பகலில் 8 இடது. நடுவில் திருகை யாரும் தொடவில்லை. தோட்டாவும் அதே லாட், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதி, பெட்டியைப் பார்த்துவிட்டேன். ஆள் மட்டும் வேறு. ஆனால் காலையில் சுட்டது நாலு பேர், நாலு பேரும் ஒரே அளவுக்கு ஒரே பக்கம் தப்பு செய்ய முடியுமா?

ஆளைத்தான் முதலில் பார்த்தேன். பெரும்பாலான “துப்பாக்கிக் கோளாறுகள்” ஆளிடம்தான் இருக்கும். காலை அணியில் இருந்தவர்களை உட்காரவைத்து, காலித் துப்பாக்கியில் படுக்கை நிலை எடுக்கச் சொன்னேன். கண்ணை மூடு, இரண்டு மூச்சு விடு, கண்ணைத் திற. குறி டார்கெட் மேலேயே இருந்தால் உடம்பு சரியாகக் கிடக்கிறது. பக்கத்தில் நகர்ந்திருந்தால் கையை வைத்துத் துப்பாக்கியை இழுக்கக் கூடாது, இடுப்பைத் தூக்கி உடம்பையே நகர்த்தணும். மூன்று பேர் சரியாகச் செய்தார்கள். ஒரு தம்பி மட்டும் ஒவ்வொரு முறையும் பட்டில் கன்னத்தை வேறு வேறு இடத்தில் வைத்தார். அவருக்கு, பட்டில் கன்னம் படும் இடத்தில் சின்னதாக ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுத்தேன்.

அப்புறம் பேரல் முனைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி, ட்ரிகரை அழுத்தச் சொன்னேன். காசு விழாமல் அழுத்தத் தெரிந்தால் விரல் சுத்தம். இரண்டு பேருக்கு விழவே இல்லை. ஆனால் மேகசினில் நடுநடுவே டம்மித் தோட்டா கலந்து கொடுத்தபோது கதை வேறு. டம்மி வந்த இடத்தில் வெடி இல்லை, ஆனாலும் துப்பாக்கி முனை சடக்கென்று கீழே குனிந்தது. உதை வருமே என்று தோள் முன்கூட்டியே பயந்து தள்ளுகிறது. காசில் பிடிபடாதது டம்மியில் பிடிபட்டுவிடும். இந்தப் பயம் குரூப்பை, அதாவது குண்டுகள் சேர்ந்து விழும் வட்டத்தை, பெரிதாக்கும், கீழே இறக்கும். ஆனால் எல்லோரையும் ஒரே அளவு இடது பக்கம் தள்ளாது. ஆக, இது நிஜமான கோளாறு, ஆனால் நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இது இல்லை.

துப்பாக்கியைப் பார்த்தேன். எஸ்எல்ஆரில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஃபோர்சைட், அதாவது முன்பக்கக் குறிமுனை, இருப்பது பேரலோடு சேர்ந்த, வாயு பிரியும் கேஸ் பிளாக் மேலே. பேக்சைட் இருப்பது ட்ரிகர் இருக்கும் கீழ்ப்பாகத்தில். சுத்தம் செய்ய நாம் மடக்கித் திறக்கிற கீல் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கீலிலோ பூட்டிலோ ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு முறை மூடும்போதும் குறி கொஞ்சம் மாறும். அதனால் இரண்டு பாகத்தையும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது. பேக்சைட்டின் சட்டம், 200 மீட்டரிலிருந்து 600 வரை ஏறி இறங்கும் அந்தத் துளைத் தகடு, அதுவும் ஆடவில்லை. பேரலுக்குள் புல்த்ரூ (துணி கட்டி இழுக்கும் கயிறு) விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய பேரல்தான், மோசமில்லை.

சூட்டைச் சந்தேகப்பட்டேன். எங்கள் ஊர் வெயிலில் மே மாதம் தோட்டாப் பெட்டியைத் திறந்த வெளியில் வைத்தால் மருந்தின் வேகமே மாறும். ஆனால் மாசியில் அவ்வளவு சூடு இல்லை. தவிர, அது அடியை மேலே கீழேதான் நகர்த்தும், பக்கவாட்டில் இல்லை.

அன்று சாயங்காலம் நான் திருகைத் தொடாமலேயே வீட்டுக்குப் போனேன். ஏட்டையாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “ரெண்டு திருகு திருகினா நடுவுல வந்துடும்ல?” என்றார். வந்துவிடும். நண்பகலுக்கு மட்டும் வரும்.

“ஒரு வெள்ளைக் கோடு தெரியுது ஐயா”

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். அந்த அணியில் ஒரு பெண் காவலர். முந்தைய நாள் எல்லாரையும்விடச் சின்ன குரூப் போட்டவர். அவரை மணல் மூட்டை வைத்துச் சுடச் சொன்னேன். ஐந்து குண்டு, 16 செண்டிமீட்டர் இடது. எதிர்பார்த்ததுதான். துப்பாக்கியைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, “நீ பார்த்தது என்னம்மா? ஒவ்வொன்னா சொல்லு” என்றேன்.

அவர் சொன்னார்: “துளை நடுவுல முனை இருந்துச்சு ஐயா. முனைல ஒரு வெள்ளைக் கோடு தெரியுது ஐயா, அதை டார்கெட் நடுவுல வெச்சேன்.”

முனையில் வெள்ளைக் கோடு எதற்கு இருக்கணும்? ஃபோர்சைட் முனை கரிக்கறுப்பாக இருக்க வேண்டிய ஒன்று.

நான் படுத்துப் பார்த்தேன். சுடுதளம் வடக்கு நோக்கி இருக்கிறது. மாசியில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, கொஞ்சம் தெற்கே தள்ளி உதிக்கும். ஆக, காலை ஏழு மணி வெயில் படுத்திருப்பவரின் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்து, நேராக ஃபோர்சைட்டின் வலது விளிம்பில் விழுகிறது. அந்த முனையின் கறுப்புப் பூச்சு முழுக்கப் போய், வெறும் இரும்பு குத்துவிளக்கு மாதிரி மின்னியது. வலது விளிம்பில் ஒரு வெள்ளிக் கோடு. மற்ற பாகம் பின்னால் இருக்கும் செம்மண் மேட்டோடு மங்கிப்போயிருந்தது. கண் இயல்பாக மின்னுகிற கோட்டைத்தான் முனை என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கோட்டை டார்கெட் நடுவில் வைத்தால் உண்மையான முனை நடுவுக்கு இடதில் நிற்கும். பேரலும் அதோடு இடது பக்கம் பார்க்கும். குண்டும் அங்கேதான் போகும்.

மாலையில்? சூரியன் இடது தோளுக்குப் பின்னால். இடது விளிம்பு மின்னும். குண்டு வலது பக்கம் போகும். நண்பகலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால் பிழை இல்லை. நான் நண்பகலில் பார்த்த 8 செண்டிமீட்டர் முழுக்க முழுக்கத் திருகினதால் வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஸ்எல்ஆரில் ஃபோர்சைட்டுக்கும் பேக்சைட்டுக்கும் நடுவே சுமார் 55 செண்டிமீட்டர். 100 மீட்டரை அதால் வகுத்தால், குறியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் டார்கெட்டில் 18 செண்டிமீட்டர் பிசகும். 8 செண்டிமீட்டர் விலக அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பிசகு போதும். வெயில் பட்ட ஒரு விளிம்பு அதைத் தாராளமாகச் செய்யும்.

நம்பாத ஏட்டையாவைப் படுக்கவைத்தேன். துப்பாக்கி காலி, போல்ட் திறந்தபடி, மணல் மூட்டையில் அசையாமல். சுடுதளத்தில் வேறு யாரும் ஆயுதத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று என் தொப்பியால் ஃபோர்சைட்டுக்கு நிழல் கொடுத்தேன். எடுத்தேன். மறுபடி கொடுத்தேன். “ஐயய்யோ, நகருதுண்ணா!” என்றார். துப்பாக்கி நகரவில்லை. நிழல் வந்தால் முனை முழுசாகத் தெரிகிறது, போனால் ஓரம் மட்டும் தெரிகிறது. அவர் அதை ஐந்தாறு முறை பார்த்துவிட்டு எழுந்தபோது முகமே மாறியிருந்தது. இரண்டு நாளாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்த மனிதர்.

கற்பூரம்

பழைய காலத்துப் போட்டிச் சுடுநர்கள் குறிமுனையைப் புகையில் கறுப்பாக்கிக்கொள்வார்கள். அதற்குக் கற்பூரத்தைப்போல் ஒன்று கிடையாது, அதன் கரி மையைப்போல மென்மையாக, மினுமினுப்பே இல்லாமல் படியும். சுடுதளத்துக்கு வெளியே பிள்ளையார் கோயில் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வரச் சொன்னேன்.

தோட்டாப் பெட்டிகளிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய், துப்பாக்கியை இன்னொரு முறை காலி என்று பார்த்து, முனையில் இருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தோம். எண்ணெய் இருந்தால் கரி பிடிக்காது, வழுக்கும். ஒரு தகர மூடியில் கற்பூரத்தைக் கொளுத்தி, சுடரின் நுனிப் புகை மட்டும் படும்படி முனையை ஓரிரு விநாடி காட்டினேன். சுடருக்குள்ளே விடக் கூடாது, இரும்பைச் சூடேற்றுவது நம் வேலை இல்லை. முனை வெல்வெட் துணி மாதிரி கறுத்தது. அதற்குப் பிறகு யார் விரலும் அதில் படக் கூடாது. பட்டால் அழிந்துவிடும், மறுபடி செய்யணும். பெயின்ட் அடிக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். பெயின்ட் முனையைத் தடிமனாக்கும், ஓரத்தை உருண்டையாக்கும். தற்காலிகத்துக்குக் கரிதான் சரி. நிரந்தரத்துக்கு, பட்டறையில் கொடுத்து முறையாகக் கறுப்பேற்ற வேண்டும்.

அந்தப் பெண் மறுபடி சுட்டார். மணி ஏழே முக்கால், வெயில் நன்றாகவே இருந்தது. 8 செண்டிமீட்டர் இடது. நண்பகலில் வந்த அதே இடம். ஒளிப்பிழை போய், திருகுப்பிழை மட்டும் மிச்சம்.

அப்போதும் திருகைத் தொடவில்லை. அந்த உதை மிச்சம் இருந்தது.

உதை ஏன்

முந்தைய நாளே காலி ஓடுகளைப் பொறுக்கும்போது கவனித்தேன். 27-ன் ஓடுகள் மற்றவற்றைவிட வெகுதூரம் பறந்திருந்தன, பல ஓடுகளின் வாயில் அடி வாங்கிய நசுக்கல். கேஸ் அதிகமாகப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சாயங்காலம் காலி ஓட்டை எண்ணிக் கணக்குக் கொடுக்கிறோமே, அப்போது எண்ணுவதோடு ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்தால் பாதிக் கோளாறு அங்கேயே தெரியும்.

எஸ்எல்ஆரின் கேஸ் ரெகுலேட்டர் ஃபோர்சைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் போட்ட வளையம். திறந்துவைத்தால் வாயு வெளியே கசிந்து பிஸ்டனுக்குக் குறைவாகப் போகும். மூட மூடப் பிஸ்டனுக்கு அதிகம் போகும். 27-ல் அது கிட்டத்தட்ட முழுக்க மூடியிருந்தது. சென்ற வருஷம் சிக்கியபோது யாரோ மூடிவிட்டார்கள். சிக்கியதற்குக் காரணம் என்ன என்று கேஸ் பிளக்கைக் கழற்றியதுமே தெரிந்தது. பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் உள்ளேயும் கரி அடுப்பங்கரைச் சுவர் மாதிரி அப்பியிருந்தது. பிஸ்டன் ஓட முடியாமல் திணறியிருக்கிறது. அதைத் துடைக்காமல் வாயுவைக் கூட்டிவிட்டார்கள். சிக்குவது நின்றது. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் பின்சுவரில் போய் மோதியது, தோளிலும் அடி. பிள்ளைகள் பயந்து துப்பாக்கி முனையைக் குனியவைத்தார்கள்.

பிளக், பிஸ்டன், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றி ஊறவைத்து, துணியால் துடைத்துக் காயவைத்தோம். பிஸ்டனும் சிலிண்டரும் எண்ணெய் இல்லாமல் உலர்ந்திருக்கணும். அங்கே எண்ணெய் விட்டால் சூட்டில் அதுவே கரியாகும். சுத்தமான பிறகு, பாடப் புத்தகம் சொல்லும் முறைப்படியே ரெகுலேட்டரை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுட்டு, ஒரு கட்டம் ஒரு கட்டமாக மூடி, ஓடு ஒழுங்காக வெளியேறி போல்ட் முழுத் தூரமும் பின்னுக்குப் போகும் கட்டத்தைப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கட்டம் மூடினேன். சுட்டுப் பார்த்த இன்னொரு தம்பி எழுந்து தோளைத் தடவியபடி, “வேற துப்பாக்கி மாதிரி இருக்கு ஐயா” என்றார்.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. கேஸ் பிளாக் மேலேதான் ஃபோர்சைட் இருக்கிறது என்று சொன்னேனே. வாயு கசியும் இடம், கரி படியும் இடம். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் அந்தக் கரி தெரியக் கூடாது என்று பித்தளைப் பாலிஷ் போட்டும் எமரித் தாள் போட்டும் தேய்க்கிறார்கள். புளி போட்டுச் செம்பைத் தேய்க்கிற மாதிரி. பிஸ்டனுக்குள் இருக்கும் கரியை யாரும் பார்ப்பதில்லை, அது அப்படியே இருக்கிறது. வெளியே தெரியும் முனை மட்டும் வருஷா வருஷம் மின்னிக்கொண்டே வருகிறது. நான் வேலை பார்த்த கோத்தில் (ராணுவ ஆயுத அறையில்) எமரித் தாளோடு யாரையாவது பார்த்தால் எங்கள் உஸ்தாத் அன்றைக்குச் சாப்பாடே இறங்காதபடி திட்டுவார். அவர் திட்டியதற்கு முழு அர்த்தம் எனக்கு இந்த 27-ஆம் எண்ணில்தான் புரிந்தது.

கடைசியாகத் திருகு

மூன்றாம் நாள் மாலை நாலரை. சூரியன் இடது பக்கம். முனை கறுப்பு, கேஸ் சரி, பேரல் சூடு தணிந்து சாதாரணம். கேஸை மாற்றினால் அடி விழும் இடமும் கொஞ்சம் மாறலாம் என்பதால்தான் திருகைக் கடைசிக்கு வைத்தேன். பெண் காவலர் ஐந்து, நான் ஐந்து. இரண்டு குரூப்பும் 8 செண்டிமீட்டர் இடதில், ஒன்றின் மேல் ஒன்று. முதல் நாள் மாலை வலது பக்கம் போன அதே வெயிலில்!

பேக்சைட்டின் இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக இரண்டு திருகு. ஒன்றை எவ்வளவு தளர்த்துகிறோமோ மற்றதை அவ்வளவு இறுக்கணும். அடி இடது பக்கம் விழுகிறதென்றால் பேக்சைட்டை வலது பக்கம் நகர்த்து. ஃபோர்சைட் விஷயத்தில் இது தலைகீழ், அடி எந்தப் பக்கமோ முனையும் அந்தப் பக்கம் போகணும். அடி மேலே விழுந்தால் முனையை உயர்த்து, கீழே விழுந்தால் தாழ்த்து. ரெக்ரூட்டுகள் குழம்புவது இங்கேதான். எனக்கும் முதல் வருஷம் குழம்பியது. உயரத்தைத் தொடத் தேவை இருக்கவில்லை. 200 மீட்டர் நிலையில் வைத்து 100 மீட்டரில் சுடுகிறோம், நடுவுக்குச் சில செண்டிமீட்டர் மேலே விழுவதுதான் சரி. அதைப் பார்த்து முனையை மாற்றிவிடக் கூடாது.

நகர்த்தியது அரை மில்லிமீட்டருக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியாத அளவு. திருகை இறுக்கிய பிறகு இன்னொரு ஐந்து. நடுவில். ஐந்தையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். பேக்சைட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே ஒரு மெல்லிய பெயின்ட் கோடு இழுத்துவிட்டேன். யாராவது திருகினால் கோடு உடைந்திருப்பது தெரியும்.

கன்னத்துக்கு டேப் ஒட்டிய தம்பியும் கடைசியாக ஐந்து சுட்டார். டம்மி கலந்துதான் கொடுத்தேன். இரண்டு டம்மி வந்தது, இரண்டிலும் துப்பாக்கி முனை அசையவில்லை. அதைத்தான் அன்றைக்கு நான் ரொம்ப ரசித்தேன்.

துப்பாக்கியின் ஹிஸ்டரி ஷீட்டைக் கொண்டுவரச் சொல்லி, நடந்ததைத் தேதியோடு எழுதினோம்: கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, திருகு எந்தப் பக்கம் எவ்வளவு, யார் சுட்டது, எத்தனை மணிக்கு. நேரம் எழுதும் பத்தி அதில் இல்லை. ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, “நேரம், வெயில் எந்தப் பக்கம்” என்று ஏட்டையாவே புதுப் பத்தி சேர்த்தார். முன்னால் ஒரு வரி கூட இல்லாத தாள், அன்றைக்குப் பாதி நிறைந்தது.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர், “மத்ததையும் ஒரு பார்வை பார்த்துடுங்க” என்றார். அவர்கள் பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்று சொல்லும் ஆயுத அறையில், டியூப் லைட்டுக்கு அடியில் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்துக் காலி பார்த்து, முனையைச் சாய்த்துப் பார்த்தோம். நாற்பதில் ஒன்பது மின்னியது. அந்த ஒன்பதின் எண்ணையும் பட்டறைக்கு அனுப்பும் பட்டியலில் எழுதினார்கள். அங்கே அலமாரியின் கீழ்த்தட்டில் பாலிஷ் டப்பாவும் எமரித் தாளும் கிடந்தன. பெண் காவலர் இரண்டையும் எடுத்து வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, காலையில் வாங்கிய கற்பூரப் பொட்டலத்தில் மிச்சம் இருந்ததை மடித்து, சுடுதளப் பெட்டியில் துப்பாக்கி துடைக்கும் துணிக்குப் பக்கத்தில் வைத்தார்.